உவர் நிலத்தில் பசுந்தீவனம்: கடலூர், புதுச்சேரி கரையோரக் கறவைமாட்டு விவசாயிகளுக்கான கேள்வி பதில்கள்

பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் தொடங்கி வடக்கே பாகூர், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வரை கடலை ஒட்டிய கொல்லைகளில் தீவனம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: உப்பு தானாக நகராது, தண்ணீர் போகும் வழியில்தான் போகும். தண்ணீர் கீழே இறங்கினால் உப்பும் இறங்கும். தண்ணீர் மேலே ஏறி ஆவியானால் உப்பு வேர்ப்பகுதியில் தங்கிவிடும்.

மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. இது உவரா, களரா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் செலவழித்த பணம்தான் அதிகம் வீணாகிறது. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் கூடுதல். மண் சாற்றின் மின்கடத்துதிறன் (இ.சி.) மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு (உப்பை அளக்கும் அலகு, இனி வெறும் டெசிசைமன்) மேல் இருக்கும், பி.எச். 8.5-க்குள் இருக்கும். களர் நிலத்தில் உப்பின் மொத்த அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், பி.எச். 8.5-ஐத் தாண்டும். உவர் மண் காய்ந்தால் வெள்ளை பூத்துப் பொலபொலவென்று கிடக்கும். களர் மண் காய்ந்தால் பாறையாக இறுகும், நனைந்தால் வழுக்கும், தண்ணீர் இறங்காமல் கலங்கலாக மேலேயே நிற்கும். மக்கு கரைந்து மேலே கறுப்பாகப் படிவதும் களரின் அடையாளம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண் போட்டு, மழைநீர் ஊற்றிக் குலுக்கி அசையாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் மேல்நீர் தெளிந்தால் உவர். மறுநாளும் பால்போலக் கலங்கியே இருந்தால் களர். போர் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே களியைத் திரட்டிப் படியவைத்து உங்களை ஏமாற்றிவிடும். இரண்டும் கலந்த உவர்களர் நிலமும் இருக்கிறது, அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

மண் பரிசோதனைச் சீட்டில் இ.சி. 1.4 என்று போட்டிருக்கிறது. 4-க்கு மேல்தான் உவர் என்கிறார்கள். அப்படியென்றால் என் நிலம் நல்ல நிலம்தானே?

அவசரப்பட வேண்டாம். 4 என்ற எல்லை, மண்ணைக் குழம்பாக்கிப் பிழிந்தெடுத்த சாற்றுக்கு உரியது. சீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணில் இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளந்த எண். நீர்த்திருப்பதால் அது சிறியதாகத் தெரியும். களிப்பாங்கான மண்ணில் அதை ஏறக்குறைய 3 முதல் 4 மடங்காக எடுத்துக்கொள்ளலாம், மணலில் அதற்கும் மேல். அப்படிப் பார்த்தால் உங்கள் 1.4 உண்மையில் 4.2 முதல் 5.6 வரை. மக்காச்சோளமும் தட்டைப்பயறும் அடிவாங்கும் இடம் அது. எந்த விகிதத்தில் அளந்தார்கள் என்று ஆய்வகத்தில் கேட்டுச் சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் இனி வரும் எண்கள் எல்லாம் மண் சாற்றுக்கு உரியவை.

மண் மாதிரி எப்போது எடுப்பது?

சித்திரை, வைகாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை. முதலாவது உப்பின் உச்சத்தைக் காட்டும், இரண்டாவது மழை எவ்வளவு கழுவியது என்று காட்டும். பல ஆண்டு நிற்கும் தீவனப் புல்லுக்கு மேல் 15 செ.மீ., 15 முதல் 30, 30 முதல் 60 என்று மூன்று அடுக்கிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் எடுத்து, அடுக்கு வாரியாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறையுங்கள். வெள்ளை பூத்த திட்டை மற்ற மண்ணோடு கலக்காமல் தனி மாதிரியாக எடுங்கள். உரச்சாக்கில் போட்டுக் கொண்டுபோனால் உப்பு கூடித்தான் காட்டும்.

போர் தண்ணீரும் கூடவே போகட்டும். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டுமுறை அலசி, ஒரு லிட்டர் நிரப்புங்கள். கடலூர் மாவட்டத்தார் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரிக்கலாம். புதுச்சேரியில் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மண்ணில் ஈரம் இருக்கிறது, ஆனாலும் பயிர் வாடுகிறது. உப்பு என்னதான் செய்கிறது?

முதல் அடி தாகம். மண்நீரில் உப்பு கூடக் கூட, வேர் அந்தத் தண்ணீரை இழுக்க அதிக வலு செலவிட வேண்டும். ஈரம் கண்ணுக்குத் தெரியும், செடிக்குக் கிடைக்காது. இலை சிறுத்து, நீலம் பாய்ந்த கரும்பச்சையாக மாறும். இதைத் தழைச்சத்து நன்றாக ஏறியதாக நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது அடி சில வாரம் கழித்து விழும். சோடியமும் குளோரைடும் முதிர்ந்த இலைகளில் சேர்ந்து, நுனியும் ஓரமும் காய்ந்து உள்நோக்கி வரும். சோடியம் மிகுந்த இடத்தில் வேர் சாம்பல்சத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் சரிவர எடுக்காது. களராக இருந்தால் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது, இளம் இலை வெளுக்கும்.

பயறுவகைத் தீவனத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. வேர்முடிச்சுப் பாக்டீரியா வேரைத் தொற்றி முடிச்சு உருவாகும் கட்டம், செடி வளர்ச்சியைவிட உப்புக்கு எளிதில் பாதிக்கப்படும். செடி உயிரோடு இருக்கும், முடிச்சு இருக்காது, மஞ்சளாக நிற்கும். பிடுங்கி வேரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது உப்பும் தேங்கிய நீரும் சேர்வது. காற்றில்லாத வேர் சோடியத்தைத் தடுக்கும் திறனை இழந்துவிடுகிறது. வெறும் உப்பைத் தாங்கிய பயிர், ஐப்பசி மழையில் நான்கு நாள் நீர் நின்றால் மடிவது இதனால்தான்.

எந்தத் தீவனப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும்?

‘தாங்கும்’, ‘தாங்காது’ என்று பிரிப்பதைவிட, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு எப்போது போகிறது என்று பார்ப்பது மாடு வைத்திருப்பவருக்கு உதவும். உலகெங்கும் பயன்படும் உப்புத் தாங்குதிறன் அட்டவணைகளின்படி, தட்டைப்பயறு 2.5 டெசிசைமன் வரை குறையாமல் விளைகிறது, அதன்பின் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் 11 சதவீதம் இழக்கிறது. அதாவது 4.3-லேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தீவன மக்காச்சோளத்துக்கு அந்தப் புள்ளி 4.5, குதிரைமசாலுக்கு 4.7. சோளம் ஏறக்குறைய 8 வரையும் சூடான் புல் ஏறக்குறைய 7.5 வரையும் போகும். ஆனால் போகும் விதம் வேறு. சோளம் 6.8 வரை அசையாது, பிறகு ஒரேயடியாகச் சரியும். சூடான் புல் 2.8-லிருந்தே குறையத் தொடங்கும், ஆனால் மெல்லத்தான் குறையும். மறுதாம்புச் சோளமான கோ எஃப்எஸ்-29 இந்த இரண்டின் கலப்பிலிருந்து வந்தது. அருகம்புல்லுக்கு அந்தப் புள்ளி 10.

இந்த எண்கள் எல்லாம் ஊன்றி வளர்ந்த பயிருக்கு உரியவை. விதை முளைக்கும் கட்டமும் முதல் மூன்று வாரமும் பெரும்பாலான பயிர்களுக்கு மெலிந்த காலம்.

எங்கள் பரிந்துரை இது. 4-க்குள் இருந்தால் கம்பு நேப்பியர் கோ-4 அல்லது கோ-5 போட்டு, இடையிடையே வேலிமசால் வைக்கலாம். 4 முதல் 8 வரை மறுதாம்புச் சோளம், தீவனக் கம்பு, வரப்பில் அகத்தி. நீர் தேங்கும் தாழ்ந்த மூலைக்கு நீர்ப்புல்லே போதும், அங்கே நேப்பியரைத் திணிக்க வேண்டாம். 8-ஐத் தாண்டினால் பசுந்தீவனத்துக்கென்று உழுது விதைப்பது நட்டம், முதலில் உப்பை இறக்க வேண்டும். குதிரைமசால் இந்தக் கரையோரத்துக்கு எந்த நிலையிலும் ஏற்றதல்ல. உப்பையும் தாங்காது, வடகிழக்குப் பருவமழையின் தேங்கலையும் தாங்காது.

கோ-4 கரணை நட்டேன். துளிர்த்தது, பிறகு கருகிவிட்டது. கரணை கெட்டதா?

கரணை கெட்டிருந்தால் துளிர்த்தே இருக்காது. அது தன்னிடமிருந்த சேமிப்பில் துளிர்விட்டது, வேர் விட்டதும் உப்பைச் சந்தித்தது. பெரும்பாலும் தவறு பாரில் (மண் அணைத்த மேட்டு வரிசையில்) நட்ட இடத்தில்தான் இருக்கும். பாரின் இரு பக்க வாய்க்காலிலும் தண்ணீர் விட்டால், ஈரம் மேல்நோக்கி ஏறிப் பாரின் உச்சியில் ஆவியாகிறது. உப்பு முழுவதும் உச்சியில் குவிகிறது. கரணையை அந்த உச்சியில் நட்டால் உப்புக் குவியலில் நட்டதாகத்தான் அர்த்தம்.

60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, பாரின் பக்கச் சரிவில், நீர்மட்டம் தொடும் கோட்டுக்குச் சற்று மேலே, 50 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஏக்கருக்குச் சுமார் 13,300 கரணை வேண்டும், உவர் நிலத்தில் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிப் போக்கிடம் நிரப்பலாம். இரண்டு கணு உள்ள கரணையில் ஒரு கணு மண்ணுக்குள் போகட்டும். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். முதல் மூன்று வாரம் மண்மேல் காயவே விடக்கூடாது. கரும்புத் தோகையோ பழைய வைக்கோலோ பார்மேல் பரப்பினால் ஆவியாதல் குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். தோகை இந்த மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கும். அதைக் கொளுத்துவதற்குப் பதில் இதற்குக் கொண்டுவாருங்கள்.

முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அடுத்தடுத்து 45 நாளுக்கு ஒருமுறை. உவர் நிலத்தில் முதல் அறுப்பை அவசரப்படுத்தாதீர்கள். வேர் ஆழமாக ஊன்றிய தூர்தான் கோடையைக் கடக்கும்.

உப்பை இறக்க மழையை எப்படிப் பயன்படுத்துவது?

30 செ.மீ. ஆழ மண்ணிலுள்ள கரையும் உப்பில் பெரும்பகுதியை இறக்க ஏறக்குறைய 30 செ.மீ. நல்ல தண்ணீர் அந்த மண்வழியே கீழிறங்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு அது சுமார் 12 லட்சம் லிட்டர். மோட்டார் போட்டு இதைச் செய்ய முடியாது, செய்தாலும் உப்புப் போரில் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்கு இருக்கும் மருந்து. அதை வழிந்தோட விடுவது பெரிய இழப்பு.

ஆடி, ஆவணியில் கோடைக் கட்டி உடையும்படி உழுங்கள். மேட்டுத் திட்டும் பள்ளமும் இல்லாமல் சமன் செய்யுங்கள். திட்டு விட்டால் உப்பு அங்கேதான் ஏறி நிற்கும். வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து ஒரு அடி உயர வரப்பு போடுங்கள். கீழ்ப்புற எல்லையில் இரண்டரை முதல் மூன்று அடி ஆழ வடிகால் வெட்டி, அது போய்ச்சேரும் ஓடையைத் தூர்வாருங்கள். இந்த வடிகாலை விட்டுவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது. இறங்கிய உப்பு நீர் வெளியே போக வழியில்லாமல் நிலத்தடியிலேயே மட்டம் உயர்ந்து நின்று, பங்குனியில் திரும்ப மேலே வரும்.

மழை பெய்ததும் தண்ணீரைப் பாத்தியில் நிறுத்துங்கள். அது இறங்கி மண் தெரிந்ததும் அடுத்த மழைநீரைத் திரும்பவும் நிறுத்துங்கள். தொடர்ந்து நிறுத்துவதைவிட விட்டு விட்டு நிறுத்துவது குறைந்த தண்ணீரில் அதிக உப்பை இறக்கும். தாழங்குடா போன்ற மணல்பாங்கில் ஒரே பருவமழையில் மாற்றம் தெரியும். கிள்ளை, பிச்சாவரம் பக்கக் களிமண்ணில் இரண்டு மூன்று மழைக்காலம் பொறுக்க வேண்டும்.

நடவு தை மாதத்தில். ஆண்டிலேயே மேல்மண்ணில் உப்பு மிகக் குறைந்திருக்கும் நேரம் அது. ஆடிப்பட்டத்தில் விதைத்துத் தோற்ற அதே நிலம் தைப்பட்டத்தில் முளைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜிப்சம் எவ்வளவு போடலாம்?

களர் என்றால் மட்டும் போடுங்கள். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச்சத்துதான் களியில் ஒட்டிய சோடியத்தை விரட்டும். வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் இன்னொரு உப்பாகத்தான் சேரும்.

களரில் ஆய்வகம் ‘ஜிப்சம் தேவை’ என்று ஒரு எண் தரும். அதில் பாதியைப் போடுவதே வழக்கம். கணக்கு புரிய வேண்டுமென்றால், 100 கிராம் மண்ணில் ஒரு மில்லி ஈக்விவலன்ட் (ஆய்வகம் பயன்படுத்தும் அளவு) சோடியத்தை மேல் 15 செ.மீ. ஆழத்துக்கு விரட்ட, ஏக்கருக்கு ஏறக்குறைய முக்கால் டன் ஜிப்சம் தேவை. சமன் செய்த பாத்தியில் தூவி மேல் 10 செ.மீ. மண்ணோடு மட்டும் கலக்குங்கள். ஆழ உழுது புதைத்தால் வீரியம் பரவிப் போகும். பிறகு தண்ணீர் கட்டி ஒரு வாரம், பத்து நாள் நிறுத்தி, வடித்துவிடுங்கள். வடிக்காமல் விட்டால், விரட்டிய சோடியம் அங்கேயே இருக்கும். அதன்பின் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பது கண்கூடாகத் தெரியும்.

போர் தண்ணீர் கரிக்கிறது. பாய்ச்சலாமா?

கணக்கு போட்டுப் பாருங்கள். 2 டெசிசைமன் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.28 கிராம் உப்பு. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். ஒரே பாய்ச்சலில் 260 கிலோ உப்பை நிலத்தில் கொட்டுகிறீர்கள். கோடையில் பத்துப் பாய்ச்சல் என்றால் இரண்டரை டன்னைத் தாண்டும். பயிர் தண்ணீரைக் குடித்துவிடும், உப்பை விட்டுவிடும்.

பாய்ச்சவே கூடாது என்றில்லை. குறைந்த நாள் இடைவெளியில், பயிரின் தேவையைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாகப் பாய்ச்சி, அந்தக் கூடுதல் நீர் உப்பைக் கீழே தள்ளிச்செல்ல விடுங்கள். வடிகால் இருந்தால்தான் இதுவும் பலிக்கும். ஏரித்தண்ணீரோ குட்டைத்தண்ணீரோ கொஞ்சம் கிடைத்தால் அதை முளைப்புக் காலத்துக்கு ஒதுக்கி, உப்பு நீரைப் பயிர் ஊன்றிய பிறகு கொடுங்கள். ஆய்வகச் சீட்டில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (ஆர்.எஸ்.சி.) லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் நல்ல நிலத்தையும் களராக்கும்.

இன்னும் ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வருமா?

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. அதே விகிதத்தில், மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். களியடுக்குக்குக் கீழே தனி நீரடுக்கு இருக்கும் இடங்களில் கதை வேறு, அதை நிலத்தடி நீர்த் துறையில் கேட்டுத்தான் துளையிட வேண்டும். கடலோரத்தில் பெரிய மோட்டாரைவிடச் சிறிய மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டுவது நல்லது.

சொட்டுநீர் போட்டால் உப்புத் தொல்லை தீருமா?

குழாயருகே வேர்ப்பகுதி எப்போதும் ஈரமாக இருப்பதால் பயிர் தப்பிக்கும். உப்பு, ஈரவட்டத்தின் ஓரத்தில் வளையமாகச் சேரும். கோடைமழை சிறிதாகப் பெய்தால் அந்த வளையம் கரைந்து வேருக்கே வந்துவிடும். அதனால் தூறல் விழுந்ததும் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். தெளிப்புநீர் வேண்டாம், உப்பு நீர் இலையில் காய்ந்து கருக்கும்.

உரத்தில் எதை மாற்ற வேண்டும்?

தொழுவுரம் ஏக்கருக்குப் 10 டன் அடியுரமாகக் கொடுங்கள். கோழி எருவில் உப்பு அதிகம், உவர் நிலத்துக்கு வேண்டாம். நேப்பியருக்கு ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து தேவை, யூரியாவில் அது 65 கிலோ. களர் நிலத்தில் யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். மேலே தூவி விடாமல் மண்ணில் மூடித் தண்ணீர் கட்டுங்கள், அல்லது அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறுங்கள். வழக்கமான பொட்டாஷ் குளோரைடு வடிவம். முடிந்தால் சல்பேட் வடிவப் பொட்டாஷ் வாங்குங்கள், விலை கட்டாவிட்டால் பழையதையே இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். இளம் இலை வெளுத்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்.

புயலில் கடல்நீர் கொல்லைக்குள் ஏறிவிட்டால் முதலில் என்ன செய்வது?

2004 சுனாமியில் இந்தக் கரையில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. அப்படி ஏறிய நீர் 10 செ.மீ. உயரத்துக்கு நின்று அங்கேயே வற்றினால், ஒரு ஏக்கரில் சுமார் 14 டன் உப்பு தங்கும். ஆகவே வற்றுவதற்கு முன் வெளியேற்றுவதே முதல் வேலை, அன்றைக்கே வரப்பை உடையுங்கள். ஈரத்தில் உழாதீர்கள், உப்பு ஆழத்துக்குக் கலந்துவிடும். மணலோ சேறோ படிந்திருந்தால் காய்ந்ததும் சுரண்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். அடுத்து கிடைக்கும் நல்ல தண்ணீரைத் தேக்கி, வடித்து, மறுபடி தேக்குங்கள். உப்பு கழுவப்படும்போது சோடியம் மட்டும் தங்கி மண் களராக மாற வாய்ப்பு உண்டு. பாட்டில் சோதனையில் கலங்கலாக நின்றால் ஜிப்சம் போடும் நேரம் அது.

பக்கத்தில் இறால் குட்டை இருக்கிறது. கசிவு வருகிறது.

குட்டைக்கும் உங்கள் நிலத்துக்கும் இடையே, குட்டையின் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஆழத்தில் இடைமறிப்பு வடிகால் வெட்ட வேண்டும். அது இல்லாமல் பயிரை மாற்றிப் பயனில்லை. கசிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த மண் பரிசோதனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். முறையிட வேண்டிவந்தால் உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.

உவர் நிலத்துத் தீவனம் மாட்டுக்குக் கெடுதலா?

பொதுவாக இல்லை. கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், சாணம் சற்று இளகலாம். கலப்புத் தீவனத்தில் போடும் சமையல் உப்பைப் பாதியாகக் குறையுங்கள், தாது உப்புக் கலவையை நாளுக்கு 50 கிராம் தவறாமல் கொடுங்கள். குடிநீர்தான் முக்கியம். லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் உப்பு இருந்தால் கறவைமாட்டுக்குக் கவலையில்லை. 5,000-ஐத் தாண்டினால் சினைமாட்டுக்கும் கறவைக்கும் தவிர்க்க வேண்டும்.

உண்மையான ஆபத்து சோளத்தில் இருக்கிறது. தாகத்தில் வளர்ச்சி நின்ற இளஞ்சோளத்தில் சயனைடு நச்சு கூடும். உப்பும் பயிரை அதே தாகத்தில் வைக்கிறது. குட்டையாக நிற்கும் சோளத்தை, ‘இனி வளராது’ என்று அறுத்துப் பசித்த மாட்டுக்குப் போடாதீர்கள். பூத்த பிறகு அறுத்து, வாடவைத்து, வைக்கோலோடு கலந்து கொடுங்கள். வாடவைப்பது சயனைடைக் குறைக்கும், ஆனால் தழைச்சத்து உரத்தால் பயிரில் சேரும் நைட்ரேட் நச்சைக் குறைக்காது. எனவே யூரியா போட்ட சில நாட்களில் அறுக்க வேண்டாம். தீவனம் தின்றதும் மாடு மூச்சுத் திணறினால், நேரம் பார்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், நிமிடங்கள் முக்கியம்.

ஒன்றுமே முளைக்காத மூலை ஒன்று இருக்கிறது. அதை என்ன செய்வது?

உழாதீர்கள். அருகம்புல் தண்டை மழைக்காலத்தில் முழத்துக்கு ஒன்றாக ஊன்றி, ஒரு வருடம் மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்து வையுங்கள். மண் மூடிக்கொண்டால் ஆவியாதல் குறையும், மேலே ஏறும் உப்பும் குறையும். அங்கே ஏற்கெனவே சீமைக்கருவேல் நின்றால் அதன் காயைப் பொறுக்கி, காயவைத்து, அரைத்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை சேர்க்கலாம். அரைக்காமல் முழுக்காயாகக் கொடுத்தால் விதை சாணத்தில் வெளியேறி, நல்ல கொல்லையிலும் முளைத்துவிடும். உமரி போன்ற உப்புச்செடிகளை ஆடு மேயும். அதில் சாம்பல் (தாது உப்புகள்) அதிகம், எனவே மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், நல்ல குடிநீரோடு கொடுங்கள். பிச்சாவரம் காப்புக்காட்டுக்குள் அலையாத்தித் தழை ஒடிப்பது சட்டப்படி குற்றம், அங்கே போக வேண்டாம்.